தூக்கம், கனவு, அரைவிழிப்பு: இரவில் மனதைக் கவனிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

"எனக்குக் கனவே வராது" என்று அடித்துச் சொல்பவர்கள் நிறையப் பேர். அவர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்து, மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் நேரமாகப் பார்த்துத் தட்டி எழுப்பினால், பெரும்பாலானோர் ஏதோ ஒரு கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கனவு வருகிறது, காலைவரை தங்குவதில்லை, அவ்வளவுதான்.

தூக்கத்தைச் சீராக்குவது, கனவை நினைவில் வைப்பது, கெட்ட கனவை மாற்றி எழுதுவது, ஸ்லீப் பராலிசிஸை (விழித்தும் உடம்பு அசையாத நிலையை)ச் சமாளிப்பது, விருப்பம் இருந்தால் கனவுக்குள்ளேயே "இது கனவு" என்று உணர்வது: எல்லாவற்றுக்கும் இங்கே வழி இருக்கிறது. வரிசை மட்டும் மாறக் கூடாது. பலர் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். நடுராத்திரியில் அலாரம் வைத்து, இருக்கிற தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு, "ஒன்றும் நடக்கவில்லை" என்று சலித்து விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எதையும் மல்லுக்கட்டிப் பெற முடியாது. தூங்கியே தீருவேன் என்று கண்ணை இறுக்கினால் தூக்கம் ஓடும். கனவைத் துரத்தினால் கனவு கலையும். ஆயத்தம் செய்வதும் வருவதைக் கவனிப்பதும்தான் நம் கையில் இருக்கின்றன.

படி 1: முதலில் தூக்கத்தைச் சீராக்குங்கள்

நமக்கு எப்போது தூக்கம் வர வேண்டும் என்பதை இரண்டு சக்திகள் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். மற்றது உடல் கடிகாரம். சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பேலி 1982ல் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் தூக்க ஆய்வின் அடித்தளமாக இருக்கிறது. தூக்கமின்மைக்குச் சொல்லப்படும் யோசனைகளில் உருப்படியானவை எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சரிசெய்கின்றன.

தூக்க அழுத்தத்துக்கு முக்கியக் காரணம், மூளையில் பகல் முழுக்கச் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள். காபியும் டீயும் அதைக் குறைப்பதில்லை. அது உட்கார வேண்டிய இடத்தில் தாங்கள் உட்கார்ந்துகொள்கின்றன. கஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேற ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் இது கூடும் குறையும். மாலை 5 மணிக்குக் குடித்த காபியில் பாதி இரவு 10 மணிக்கும் உள்ளே இருக்கிறது. "காபி குடித்தாலும் நான் நன்றாகத் தூங்குவேன்" என்பவர்களுக்கும் ஆழ்ந்த தூக்கம் குறையலாம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. மாலையில் போடும் குட்டித் தூக்கமும் இரவுக்காகச் சேர்ந்த அழுத்தத்தைச் செலவழித்துவிடும்.

உடல் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதலாக ஓடுகிறது. அதைத் தினமும் நேரத்துக்குத் திருப்பி வைப்பது வெளிச்சம், முக்கியமாகக் காலை வெளிச்சம். அதனால் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் மாற்ற முடியும் என்றால் எழும் நேரத்தை மாற்றுங்கள். விடுமுறை நாள் உட்பட ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்துக்கு வந்துவிடுங்கள். படுக்கும் நேரத்தை நாம் கட்டாயப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும்.

அடுத்து, படுக்கை. 1972ல் ரிச்சர்ட் பூட்சின் சொன்ன முறை எளிமையானது: தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுக்கைக்குப் போங்கள், கால் மணி நேரம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், மறுபடி கண் சொக்கும்போது திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாகக் கணக்கிட்டால் போதும். "மணி இரண்டு, இன்னும் நாலு மணி நேரம்தான்" என்று கணக்குப் போட ஆரம்பித்தால் உடல் தேர்வு அறைக்குள் நுழைந்த மாதிரி ஆகிவிடும். படுக்கையில் புரண்டு கவலைப்பட்டே பழகியவருக்கு, படுக்கையைப் பார்த்ததுமே விழிப்பு வரும். அந்தப் பழக்கத்தை அறுப்பதுதான் இந்த முறையின் நோக்கம்.

விட்டகுறை வேலைகள் மனதில் சுழன்றால், நாளை செய்ய வேண்டியவற்றைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் பட்டியலிட்டு எழுதுங்கள். செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள் என்று 2018ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மது குடித்தால் சீக்கிரம் கண் அயரும், உண்மைதான். ஆனால் முதல் பாதி இரவில் கனவுத் தூக்கத்தை அமுக்கிவிட்டு, பின்பாதியில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும்.

இவ்வளவும் செய்தும் வாரத்துக்கு 3 இரவாவது தூக்கம் வராமல், அது 3 மாதத்துக்கு மேல் நீடித்தால், அது சிகிச்சை தேவைப்படும் தூக்கமின்மை. தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. மாத்திரைக்கு முன்னால் அதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016ல் பரிந்துரைத்தது. அதை முடித்துவிட்டு மற்ற படிகளுக்கு வாருங்கள்.

படி 2: இரவு எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தூக்கம் ஒரே சீரான இருட்டு என்றுதான் 1950கள் வரை பலரும் நினைத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆய்வு மாணவர் தன் எட்டு வயது மகனைத் தூங்கவைத்து, கண் அசைவையும் மூளை அலையையும் கருவியில் பதிவு செய்துகொண்டிருந்தார். பையன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கருவியின் முட்கள் விழித்திருப்பவனுடையவை போலத் துடித்தன. கருவிதான் கோளாறு என்று முதலில் சந்தேகப்பட்டார். கோளாறு இல்லை. 1953ல் அவரும் நத்தானியல் கிளைட்மனும் அதை வெளியிட்டார்கள். ரெம் தூக்கம் என்று இன்று சொல்வது அதைத்தான்: விரைவான கண் அசைவுத் தூக்கம்.

ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். சில நிமிட மேலோட்டமான மயக்கம், அப்புறம் இரவின் பாதியை எடுத்துக்கொள்ளும் லேசான தூக்கம், அப்புறம் எழுப்பினாலும் எளிதில் எழாத ஆழ்ந்த தூக்கம், கடைசியில் ரெம். இரவுக்கு நான்கைந்து சுற்று வரும். எல்லாச் சுற்றும் ஒன்றுபோல இருக்காது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் மூன்றில் ஒரு பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ரெம் முதல் சுற்றில் சில நிமிடம்தான். விடியற்காலை நெருங்க நெருங்க நீள்கிறது. 11 மணிக்குப் படுத்து 7 மணிக்கு எழ வேண்டியவர் 5 மணிக்கு அலாரம் வைத்தால், தூக்கத்தில் கால்வாசி போகிறது. கனவிலோ அதைவிடப் பெரிய பங்கு போய்விடுகிறது. கனவு நினைவில் இல்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்பதைத்தான்.

ரெம் நேரத்தில் மூளை பரபரப்பாக இருக்க, கண் தசைகளும் மூச்சுக்கான உதரவிதானமும் தவிர உடல் தசைகள் அநேகமாக முடக்கப்பட்டுவிடுகின்றன. பிரான்சில் மிஷேல் ஜூவே பூனைகளின் மூளைத்தண்டில் இந்த முடக்கத்துக்குப் பொறுப்பான பகுதியைச் சேதப்படுத்திப் பார்த்தார். அந்தப் பூனைகள் ரெம் தூக்கத்தில் எழுந்து நின்றன, இல்லாத இரையைப் பார்த்துப் பதுங்கின, பாய்ந்தன. நாமும் தினமும் இரவில் ஓடுகிறோம், கத்துகிறோம், விழுகிறோம். உடம்பு பூட்டப்பட்டிருப்பதால்தான் படுக்கையில் கிடக்கிறோம். இந்தப் பூட்டை நினைவில் வையுங்கள், படி 7ல் இதுதான் கதாநாயகன்.

ரெம் என்றால் கனவு, மற்றதெல்லாம் வெறுமை என்று மட்டும் எண்ண வேண்டாம். மற்ற நிலைகளிலும் கனவு வருகிறது; பொதுவாகச் சுருக்கமாகவும் யோசனை போலவும் இருக்கும். சைவ சித்தாந்தம் சாக்கிரம் (விழிப்பு), சொப்பனம் (கனவு), சுழுத்தி (ஆழ்ந்த தூக்கம்), அவற்றையும் கடந்த துரியம், துரியாதீதம் என்று ஐந்து அவத்தைகளாக, அதாவது நிலைகளாக, பிரித்தது. ஆய்வகம் வேறு அளவுகோலில் பிரிக்கிறது. விழிப்பு, தூக்கம் என்று இரண்டே பெட்டி போதாது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கைக்கடிகார ஆப் காட்டும் தூக்க வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது மூளை அலையை அளப்பதில்லை. அசைவையும் இதயத் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. எத்தனை மணிக்குப் படுத்தோம், எழுந்தோம் என்பதற்கு உதவும். "இன்று ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம்தான்" என்று அது சொல்வதைக் கேட்டு நாள் முழுக்க வாடிப்போக வேண்டியதில்லை.

படி 3: தூங்கப் போகும் வாசலில் கொஞ்சம் நின்று பாருங்கள்

கண் சொக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடங்கள் தனி உலகம். யோசித்துக்கொண்டிருந்த வாக்கியம் திடீரென்று பொருளற்றதாகத் திரும்பும். முகங்கள் தோன்றி உருகும். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கேட்கும். சில சமயம் கால் இடறி விழுவது போல உடம்பு தூக்கிப்போடும். இவை எதுவும் நோய் இல்லை.

அன்று செய்த வேலையின் மிச்சமும் இங்கே மிதக்கும். 2000ல் ராபர்ட் ஸ்டிக்கோல்டின் குழு, சிலரை மேலிருந்து கட்டங்கள் விழும் டெட்ரிஸ் என்ற வீடியோ கேமை விளையாட வைத்துவிட்டுத் தூங்கும் தருணத்தில் விசாரித்தது. பலர் கட்டங்கள் விழுவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர்களில் மூளைப் பாதிப்பால் புதிய நினைவே தங்காத சிலரும் இருந்தார்கள். விளையாடியதே அவர்களுக்கு நினைவில்லை. கட்டங்கள் மட்டும் விழுந்தன. நினைவு வைத்திருப்பதும், நினைவு இருக்கிறது என்று அறிவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இதைப் பயிற்சியாகச் செய்ய மதிய நேரம் நல்லது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஒரு ஸ்பூனையோ சிறு உருண்டையையோ பிடித்துக்கொண்டு, கையைத் தரைக்கு மேல் தொங்கவிட்டுக் கண்ணை மூடுங்கள். தூக்கம் இழுக்கும்போது பிடி தளரும், பொருள் விழும், சத்தத்தில் விழிப்பீர்கள். அந்த நொடியில் மனதில் இருந்ததை அப்படியே எழுதுங்கள். எடிசன் கையில் உலோக உருண்டையோடு இப்படித்தான் தூங்குவார் என்று சொல்வார்கள். 2021ல் பாரிஸ் ஆய்வாளர்கள் அதைச் சோதித்தே பார்த்தார்கள். மறைவான குறுக்குவழி ஒன்று உள்ள கணக்கைக் கொடுத்து, நடுவில் ஓய்வு தந்தார்கள். அந்த மேலோட்டமான நிலையில் 15 விநாடியாவது இருந்தவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம். அடுத்த நிலைக்கு ஆழ்ந்துவிட்டவர்களில் 14 சதவீதம்தான். இதைப் படித்துவிட்டு எல்லாப் பிரச்சினைக்கும் ஸ்பூனைத் தூக்க வேண்டாம். ஆனால் மனம் எப்படி விழிப்பிலிருந்து நழுவுகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது.

படி 4: கனவுக் குறிப்பேடு தொடங்குங்கள்

முழு வழிகாட்டியில் இதுதான் அடித்தளம். இதைச் செய்யாமல் 5, 6, 8 எதையும் செய்ய முடியாது.

கனவு மறப்பதற்குக் காரணம் உண்டு. ரெம் நேரத்தில் மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் மிகக் குறைவாக இருக்கிறது. நினைவைப் பதியவைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. கனவு முடிந்த கையோடு சில நொடியாவது விழித்தால்தான் அது பதிய வாய்ப்பு. பிரான்சின் லியோனில் நடந்த ஆய்வில், அடிக்கடி கனவை நினைவுகூர்பவர்கள் இரவில் மொத்தம் ஏறத்தாழ அரை மணி நேரம் விழித்திருந்தார்கள். அரிதாக நினைவுகூர்பவர்கள் அதில் பாதி நேரமே. அதாவது கனவு நினைவில்லாததற்கு நல்ல தூக்கமும் காரணமாக இருக்கலாம். வருத்தப்பட ஒன்றுமில்லை.

செய்முறை இதுதான். தலைமாட்டில் நோட்டும் பேனாவும் வையுங்கள். படுக்கும்போது "காலையில் கனவு நினைவிருக்கும்" என்று ஒருமுறை மனதார நினைத்துக்கொள்ளுங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் பலன் தரும். விழிப்பு வந்ததும் அசையாதீர்கள். கண்ணைத் திறக்காதீர்கள். புரண்டு படுத்தாலே பாதி போய்விடும். கடைசிக் காட்சி என்ன? அதற்கு முன்னால் எங்கே இருந்தேன்? வாலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். காட்சி எதுவும் இல்லையென்றால், என்ன உணர்வோடு எழுந்தோம் என்று பாருங்கள். பயமா, ஏக்கமா, சிரிப்பா? அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டிருந்தால் சில சமயம் காட்சி பின்னாலேயே வரும். எதுவுமே இல்லாத நாளில் "நினைவில்லை" என்றாவது எழுதித் தேதி போடுங்கள். பழக்கம் அறுந்துவிடக் கூடாது.

போனில் எழுதலாமா என்று கேட்பார்கள். என் பதில் வேண்டாம் என்பதுதான். திரையில் ஒரு நோட்டிஃபிகேஷன் கண்ணில் பட்டால் போதும், கனவு காலி. குரல் பதிவு செய்வதானால் பரவாயில்லை, திரையைப் பார்க்காமல் பொத்தானை அமுக்கத் தெரிந்தால்.

கையெழுத்து புரிய வேண்டும் என்பதும் முக்கியம். நரம்புகள் வேதிப்பொருள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன என்று நிரூபித்த ஓட்டோ லோவி, அந்தப் பரிசோதனை கனவில் வந்ததாகச் சொல்லியிருக்கிறார். நடுஇரவில் எழுந்து துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் அவருக்கே அது புரியவில்லை. நாள் முழுக்கத் தவித்தார். அடுத்த இரவு 3 மணிக்கு அதே எண்ணம் மறுபடி வந்தது. இந்த முறை எழுதிக்கொண்டிருக்காமல் நேராக ஆய்வகத்துக்குப் போய்த் தவளை இதயத்தில் செய்து பார்த்துவிட்டார். 1936ல் நோபல் பரிசு. எல்லாருக்கும் இரண்டாவது இரவு வாய்க்காது.

ஒரு பதிவு எப்படி இருக்கலாம் என்பதற்கு மாதிரி:

"பெரிய கட்டடம். படி ஏற ஏறக் கீழே போகிறேன். தேர்வு எழுத வேண்டும், ஹால் எங்கே என்று தெரியவில்லை. கூட வருபவன் பள்ளி நண்பன், முகம் மட்டும் மேனேஜருடையது. கையில் ஈரக் குடை, தண்ணீர் சொட்டுகிறது. பயம் இல்லை, தாமதமாகிவிட்டதே என்ற பதற்றம். // நேற்று: மழையில் நனைந்தேன். ரிப்போர்ட் கெடு வெள்ளிக்கிழமை."

நிகழ்காலத்தில் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அப்போதுதான் காட்சி விரியும். உணர்வுக்குப் பெயர் வைத்திருக்கிறது. முரண்பாட்டைச் சரிசெய்யவில்லை, நண்பனா மேனேஜரா என்று தீர்ப்பு எழுதவில்லை. கனவைக் கதையாகக் கோக்கும் ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். கடைசியில் கோடு போட்டு, முந்தைய நாள் நடந்ததில் ஒட்டுவது எதுவோ அது மட்டும்.

படி 5: குறிப்பேட்டைப் படியுங்கள், பலன் பார்க்காதீர்கள்

பாம்பு வந்தால் இது, பல் விழுந்தால் அது என்ற பட்டியல்களை ஓரமாக வையுங்கள். ஒரே பாம்பு, வனவிலங்கு ஆய்வாளருக்கும் பாம்பைக் கண்டாலே நடுங்குபவருக்கும் எப்படி ஒரே பொருள் தரும்?

கனவுக்கு மறைபொருள் உண்டு என்று ஃபிராய்டு சொன்னார். 1977ல் ஆலன் ஹாப்சனும் ராபர்ட் மெக்கார்லியும் நேர் எதிராகப் பேசினார்கள்: மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் தாறுமாறான சமிக்ஞைகளுக்கு மேல்மூளை கதை கட்டுகிறது, அதுதான் கனவு. இரண்டுக்கும் நடுவில், எனக்கு நடைமுறைக்கு உதவுவதாகத் தோன்றுவது கால்வின் ஹாலின் வழி. அவர் ஆயிரக்கணக்கான கனவுகளைச் சேகரித்து எண்ணினார்: யார் வருகிறார்கள், எங்கே நடக்கிறது, சண்டையா நட்பா, வெற்றியா தோல்வியா. 1966ல் ராபர்ட் வான் டி காஸிலுடன் சேர்ந்து அதற்கு ஒரு முறையே வகுத்தார். விழிப்பில் எது நம்மை அரிக்கிறதோ அதுவே கனவிலும் தொடர்கிறது என்பது இந்த வழியில் வந்த முடிவு.

ஆக, ஒரு கனவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒரு மாதப் பதிவு சேர்ந்ததும் மொத்தமாக உட்கார்ந்து படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் ஆட்கள், இடங்கள், உணர்வுகளைக் கோடிடுங்கள். எந்த உணர்வு அதிகம்? அதே உணர்வு பகலில் எங்கே வருகிறது? முந்தைய நாளை மட்டும் பார்க்காமல் ஒரு வாரம் பின்னாலும் பாருங்கள். பகல் நிகழ்ச்சிகள் மறுநாள் இரவும், பிறகு 5 முதல் 7 நாள் கழித்தும் கனவில் தலைகாட்டுவதாக ஆய்வுகள் உண்டு.

ஒருவரை நினைக்கவே கூடாது என்று பிடிவாதமாகப் படுத்தால் அவரே வருவார். இதை டேனியல் வெக்னர் 2004ல் மாணவர்களை வைத்துக் காட்டினார். படுக்கும் முன் ஒருவரைப் பற்றிய நினைவை அடக்கியவர்களுக்கு, அவரைப் பற்றிய கனவு கூடுதலாக வந்தது.

படி 6: கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால்

முதலில் எது என்று பிரித்தறியுங்கள். பின்னிரவில் வந்து, விழித்ததும் கதை தெளிவாக நினைவிருந்தால் அது கெட்ட கனவு. படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அலறி எழுந்து, கண் திறந்திருந்தும் ஆளை அடையாளம் தெரியாமல், காலையில் ஒன்றுமே நினைவில்லையென்றால் அது தூக்கத் திகில், குழந்தைகளிடம் அதிகம். தூக்கத்தில் நடப்பதைப் போலவே அதுவும் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை பாதி மட்டும் விழிப்பதால் வருவது. உலுக்கி எழுப்பாதீர்கள். அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அடங்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

கெட்ட கனவுக்கு நல்ல ஆதாரமுள்ள வழி, பகலிலேயே அதை மாற்றி எழுதி ஒத்திகை பார்ப்பது. பேரி கிராக்கோவின் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து 2001ல் வெளியிட்டது. கெட்ட கனவுகள் கணிசமாகக் குறைந்தன.

மிக மோசமான கனவிலிருந்து தொடங்க வேண்டாம், நடுத்தரமானதை எடுங்கள். அதை எழுதுங்கள். பிறகு எந்த இடத்திலாவது, எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். யாரோ துரத்துகிறார்கள், கதவு திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். கதவு திறக்கலாம். அல்லது நீங்கள் திரும்பி நின்று "என்ன வேண்டும்?" என்று கேட்க, துரத்தியவர் மூச்சு வாங்கிக்கொண்டே நீங்கள் தவறவிட்ட பர்ஸை நீட்டலாம். அபத்தமாக இருந்தாலும் சரி, உங்களுக்கு நிம்மதி தந்தால் போதும். புதிய கதையைத் தினமும் பகலில் பத்து, இருபது நிமிடம் கண்மூடிக் காட்சியாக ஓட்டுங்கள். பழைய கதையை ஓட்டாதீர்கள். சில வாரம் தொடருங்கள். நடந்த கொடுமை அப்படியே கனவாக வருபவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். மனநல நிபுணரோடு செய்யுங்கள்.

படி 7: விழித்தும் உடம்பு அசையவில்லையென்றால்

கண் திறந்துவிட்டது, அறை தெரிகிறது, கைகால் அசையவில்லை, மார்பில் யாரோ ஏறி உட்கார்ந்த பாரம், மூலையில் ஒரு நிழல். பேய் அமுக்குகிறது என்று சொல்வார்களே, அதுதான் ஸ்லீப் பராலிசிஸ். படி 2ல் சொன்ன பூட்டு திறப்பதற்குள் நீங்கள் விழித்துவிட்டீர்கள்; கனவும் முழுதாக அணையவில்லை. 2011ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மக்களில் ஏறத்தாழ 7.6 சதவீதம் பேருக்கு வாழ்வில் ஒருமுறையாவது இது நேர்ந்திருந்தது.

மூச்சு நிற்காது. உதரவிதானம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. நாமே ஆழமாக இழுக்கப் பார்க்கும்போது உடம்பு கேட்காததால் அடைப்பது போலத் தோன்றுகிறது. உடம்பை உதறி எழப் போராடினால் பயம்தான் கூடும். இயல்பான மூச்சை அதன் போக்கில் விட்டு, ஒரே ஒரு கால்விரலை அசைப்பதில் கவனம் வையுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் விட்டுவிடும். மல்லாந்து படுப்பது, தூக்கம் கெடுவது, நேரம் தவறிப் படுப்பது ஆகியவை இதைக் கூட்டும். ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்.

படி 8: விருப்பம் இருந்தால், தெளிகனவு

லூசிட் ட்ரீமிங் என்று பிரபலமாகியிருப்பது இதுதான்: கனவு ஓடும்போதே அது கனவு என்று தெரிவது. தத்துவவாதிகள் பலர் இது முரண் என்று ஒதுக்கினார்கள். ரெம் நேரத்தில் கண் தசைகள் முடங்குவதில்லை அல்லவா? 1975ல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் அதையே பயன்படுத்தினார். ஆலன் வோர்ஸ்லி என்ற தன்னார்வலர் கனவுக்குள் உணர்வு வந்ததும், முன்பே பேசிவைத்தபடி கண்ணை இடமும் வலமும் அசைத்தார், கருவியில் பதிந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபர்ஜ் தனியாக அதே முடிவுக்கு வந்து 1981ல் வெளியிட்டார். 2021ல் நான்கு நாட்டு ஆய்வகங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. ரெம் தூக்கத்தில் இருந்த இளைஞர் ஒருவரிடம் "எட்டிலிருந்து ஆறு போனால்?" என்று கேட்டார்கள். அவர் இரண்டு முறை கண்ணை இடம் வலம் அசைத்துப் பதில் சொன்னார். தூங்கிக்கொண்டே.

2016ல் வெளியான தொகுப்பாய்வின்படி 55 சதவீதம் பேர் ஒருமுறையாவது தெளிகனவு கண்டிருக்கிறார்கள். மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் 23 சதவீதம்.

லபர்ஜின் முறையை இப்படிச் செய்யுங்கள். படுத்து 5 மணி நேரம் கழித்து எழுங்கள், அலாரம் வைக்கலாம். சில நிமிடம் விழித்திருந்து, கடைசியாகக் கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அதில் கனவு என்று காட்டிக்கொடுக்கும் ஓர் அடையாளத்தைப் பிடியுங்கள். மாதிரிப் பதிவில் ஏற ஏறக் கீழே போகும் படி. பிறகு படுத்து, "அடுத்த முறை கனவு வரும்போது இது கனவு என்று எனக்கு நினைவு வரும்" என்று சொல்லிக்கொண்டே, அதே படியில் நின்று "அட, கனவு!" என்று உணர்வதாகக் கற்பனை செய்யுங்கள். வாய் முணுமுணுத்தால் போதாது, எண்ணம் அதில் இருக்க வேண்டும். சீக்கிரம் தூங்குவதும் முக்கியம். 2017ல் டென்ஹோம் ஆஸ்பி வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடத்துக்குள் தூங்கியவர்களின் முயற்சிகளில் ஏறத்தாழ பாதி வெற்றி பெற்றன.

பகலில் அவ்வப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டுப் பார்க்கலாம். கனவில் மூக்கை அடைத்தாலும் மூச்சு வரும். எழுத்தை ஒருமுறை படித்து, பார்வையைத் திருப்பி மறுபடி படிப்பது இன்னொரு சோதனை. கனவில் எழுத்து மாறிவிடும். இயந்திரம் போலச் செய்தால் கனவிலும் இயந்திரம் போலச் செய்து ஏமாறுவீர்கள். உண்மையாகவே சந்தேகப்பட வேண்டும்.

உணர்வு வந்ததும் குதூகலித்தால் விழிப்பு வந்துவிடும். கனவுக் கைகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள், சுற்றியிருப்பதைத் தொட்டுப் பாருங்கள். பறப்பதெல்லாம் அப்புறம்.

வாரத்துக்கு ஓர் இரவுக்கு மேல் இந்த அலாரம் வேலை வேண்டாம். மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்கள், எது நிஜம் என்ற குழப்பம் பகலிலேயே வருபவர்கள் இந்தப் படியைத் தவிர்க்க வேண்டும். கனவைத் தூண்டும் என்று விற்கும் மாத்திரைகளைச் சொந்தமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

படி 9: மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்

குறட்டை நடுவில் நின்று, திணறிக்கொண்டு மூச்சு திரும்பினால் அது தூக்க மூச்சுத்திணறலாக இருக்கலாம். போதுமான அளவு தூங்கியும் பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்து, சிரிக்கும்போது முழங்கால் துவண்டால் நார்கோலெப்சி என்ற தூக்க நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிய மருந்து தொடங்கியதும் கெட்ட கனவு கூடினால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகள் பல ரெம் தூக்கத்தை அமுக்குபவை. திடீரென்று நிறுத்தினால் கனவுகள் வெள்ளமாய்க் கிளம்பும், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முக்கியமாக, 50 வயதைத் தாண்டிய ஒருவர் கனவில் அடிப்பதை நிஜமாகவே அடித்து, உதைத்து, கட்டிலிலிருந்து விழுந்தால் சிரித்துவிட்டு விடாதீர்கள். ஜூவேயின் பூனைகளுக்கு நடந்ததுதான் இங்கேயும்: பூட்டு பழுதாகியிருக்கிறது. 1986ல் கார்லோஸ் ஷென்கும் மார்க் மாஹோவால்டும் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். இவர்களில் பெரும்பாலானோருக்குப் பல ஆண்டு கழித்து பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் வருவது பின்னாளில் தெரியவந்தது. நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதுவரை கட்டிலைச் சுற்றிக் கூர்மையான பொருள்களை அகற்றிவிடுங்கள்.

போகும்போது இரண்டு வாரத் தூக்கக் குறிப்பையும், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போங்கள், அல்லது இரவில் நடப்பதை அவர் போனில் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். தூக்கத்தில் என்ன நடந்தது என்று தூங்கியவர் சொல்லும் சாட்சியம் எந்த மருத்துவருக்கும் போதாது.